எரிந்துபோன சீன அரண்மனையை மீட்டு வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1860 அக்டோபரில் பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தை ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் சூறையாடின. பிறகு ஆங்கிலேயர் தீ வைத்தார்கள். ஐரோப்பியப் பாணிக் கல் மாளிகைகளின் இடிபாடு மட்டுமே இன்று படங்களில் அதிகம் தெரிகிறது. ஆனால் தோட்டத்தில் இருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை மரக் கட்டடங்கள்தான். அவற்றைப் பழைய ஆவணங்களிலிருந்து கணினியில் எழுப்பிப் பார்ப்பது அருமையான வேலை. எந்த ஆண்டுக் கட்டடத்தை வரைகிறோம் என்று முடிவு செய்யாமல் இறங்கினால்தான் வேலை கெடுகிறது.

சியான்லொங் பேரரசருக்காக ஷென் யுவானும் தாங்தாயும் தீட்டிய நாற்பது காட்சிகள் 1744இல் முடிந்தவை. இப்போது பாரிஸின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவ்வளவு நுணுக்கமான ஓவியங்கள் என்பதால் அப்படியே நம்பத் தோன்றும். ஆனால் அதன் பிறகு தோட்டம் 116 ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அடுத்தடுத்த பேரரசர்கள் இடித்தார்கள், மாற்றினார்கள். பேரரசர் வசித்த ஜியுஜோ சிங்யான் பகுதி 1836இல் தீப்பிடித்து, மறுபடி கட்டப்பட்டது. 1744 ஓவியத்தின் கூரையைப் பிற்காலத் தரைப்படத்தின் மேல் வைத்தால், எந்த ஆண்டிலும் இல்லாத ஒரு கட்டடம்தான் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய பிழை லெய் குடும்பத்தின் வரைபடங்களைப் பயன்படுத்தும்போது நேர்கிறது. தலைமுறை தலைமுறையாக அரண்மனைக் கட்டடங்களை வடிவமைத்த குடும்பம் இது. அவர்களுடைய தாள்கள் சுமார் 20,000 மிஞ்சியுள்ளன. 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தன. 1873இல் தொங்ஜி பேரரசர் தோட்டத்தை மீண்டும் கட்ட ஆணையிட்டபோது லெய் ஸிச்சியும் மகன் லெய் திங்சாங்கும் ஏராளமாக வரைந்தார்கள், தாள் ஒட்டி மாதிரிகளும் செய்தார்கள். பணமில்லாமல் 1874இல் பணி நின்றது. ஆக, பல தாள்கள் எரிந்த கட்டடத்தின் பதிவே அல்ல. கட்ட நினைத்து நின்றுபோன திட்டம். தேதி இல்லாத தாள்களும் நிறைய. கட்டடத்தின் பெயரை வைத்தும் முடிவு செய்ய முடியாது. ‘தியாந்தி யிஜியாச்சுன்’ என்ற பெயர் முதலில் ஜியுஜோ சிங்யானில் இருந்த குடியிருப்புக்கு உரியது; 1873 திட்டத்தில் அதையே வேறொரு தோட்டத்தில் ஸிஷி பேரரசித் தாய்க்கான கட்டடத்துக்கு வைத்தார்கள். அதனால் தாளை அகழாய்வில் வெளிப்பட்ட அடித்தளத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் தரை சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, விதிநூல். அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசமரபு 1734இல் வெளியிட்ட கட்டுமான நூலில், அடுக்குப் போதிகை (தூணுக்கு மேலே கூரையைத் தாங்கும் மரத்துண்டு அடுக்கு) உள்ள கட்டடங்களுக்கு அந்தப் போதிகையில் உள்ள வெட்டின் அகலமே அடிப்படை அளவு. தோட்டக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதிகையே கிடையாது. அங்கே தூணின் விட்டத்திலிருந்து கணக்குப் போட வேண்டும். கூரை வளைவிலும் கவனம் தேவை. முந்தைய சோங் அரசமரபின் 1103ஆம் ஆண்டு நூல் முகட்டு உயரத்தை முதலில் வைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. சிங் முறை கூரையின் கீழ்விளிம்பான இறவாணத்தில் தொடங்கி, சரிவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு மேலே போகிறது. சிங் கட்டடத்துக்குச் சோங் கணக்கைப் போட்டால் வளைவே மாறிவிடும்.

அப்புறம் அளவு. சிங் காலக் கட்டுமான அடி 32 செ.மீ.; இன்றைய சீன அடி 33.3 செ.மீ. நூறு அடி மண்டபத்தில் 1.3 மீட்டர் பிசகும். ஓட்டின் நிறத்தையும் பாருங்கள்: அரண்மனை என்றாலே மஞ்சள் மெருகு ஓடு என்று பூசிவிடுகிறார்கள். நாற்பது காட்சிகளில் பெரும்பாலான கூரைகள் சாம்பல் நிறம்.