உயர்தெளிவுத் தட்டைத்திரை டிவி: கடைக்குப் போகும் முன்பும் போன பின்பும்

புதிய டிவி வாங்க நினைப்பவர்களில் பலர் கடைக்குள் நுழைந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அங்கே வரிசையாக ஒளிரும் திரைகளுள் எது கண்ணைப் பறிக்கிறதோ அதுவே சிறந்தது என்று தோன்றிவிடுகிறது. கடை விளக்குகளின் வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்காக அந்தத் திரைகள் எல்லாம் ஒளியையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்த காட்சி முறையில் ஓடுகின்றன என்பதும், ஓரடி தூரத்தில் நின்று பார்ப்பதற்கும் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு என்பதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. ஆகவே கிளம்புவதற்கு முன், டிவி வரப்போகும் சுவருக்கும் நீங்கள் உட்காரும் இருக்கைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் பகலில் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் எந்தெந்தக் கோணத்தில் அமர்ந்து பார்ப்பார்கள் என்பதையும் கவனித்து வையுங்கள். பின்னால் வரும் பெரும்பாலான முடிவுகள் இந்த மூன்றிலிருந்தே பிறக்கும்.

திரையின் அளவு

பெட்டியில் அச்சிட்டிருக்கும் அங்குலக் கணக்கு, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள நீளத்தைக் குறிக்கிறது, அகலத்தை அல்ல. 55 அங்குலத் திரைக்கு மூலைவிட்டம் சுமார் 140 செ.மீ., அகலம் சுமார் 122 செ.மீ. படம் நம் பார்வைப் புலத்தில் ஏறத்தாழ 30 டிகிரி அகலத்தை நிரப்பினால் பார்ப்பதற்கு இதமாக இருக்கும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. திரையரங்கில் அமர்ந்த உணர்வு வேண்டுபவர்கள் 40 டிகிரி வரை போகலாம். இதை எளிதாக்கினால், இருக்கைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை 1.6 ஆல் வகுத்தால் 30 டிகிரிக்கு உரிய மூலைவிட்டமும், 1.2 ஆல் வகுத்தால் 40 டிகிரிக்கு உரிய மூலைவிட்டமும் கிடைத்துவிடும். தூரம் 240 செ.மீ. என்றால் முதல் கணக்குப்படி 150 செ.மீ., அதாவது 59 அங்குலம் வருகிறது. அந்த வீட்டில் 55, 65 ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். செய்தியும் தொடரும் மட்டும் பார்ப்பவர்களுக்குச் சிறியதே போதும்; படங்களும் விளையாட்டும் அதிகம் பார்ப்பவர்கள் பெரியதை எடுத்தால் பின்னால் வருந்த மாட்டார்கள்.

அங்குல எண்ணிக்கையில் சிறிதாகத் தெரியும் வேறுபாடு பரப்பளவில் பெரிதாகிவிடும். 43 அங்குலத் திரையைவிட 55 அங்குலத் திரையின் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். இதைக் கண்ணால் உணர வேண்டுமானால், பழைய செய்தித்தாள்களை ஒட்டி அதே நீள அகலத்தில் ஒரு செவ்வகம் செய்து சுவரில் இரண்டு நாள் மாட்டி வைத்துப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அலமாரிக் கதவு திறக்குமா, சுவிட்சுப் பலகை மறையுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் காகிதமே பதில் சொல்லிவிடும்.

எத்தனை பிக்சல் வேண்டும்

எச்டி என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. எச்டி ரெடி என்று போட்ட சிறிய திரைகள் பலவற்றில் 1366×768 பிக்சல்களே, அதாவது படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகளே, இருக்கும். ஃபுல் எச்டி என்பது 1920×1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். 4கே அல்லது அல்ட்ரா எச்டி என்பது 3840×2160, ஏறத்தாழ 83 லட்சம். 8கே திரையில் இது 3.3 கோடியைத் தொடுகிறது.

எண் கூடக்கூடத் தெளிவு கூடும் என்பது ஓர் எல்லை வரைதான் உண்மை. குறையற்ற கண் பொதுவாக ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு வரையுள்ள நுணுக்கத்தையே பிரித்தறியும். 55 அங்குல ஃபுல் எச்டித் திரையை 2.2 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் அதன் தனித்தனிப் பிக்சல்கள் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. 4கே திரைக்கு அந்த எல்லை 1.1 மீட்டர். இந்தக் கணக்கின்படி வீட்டில் 8கே டிவிக்குச் செலவிடுவது வீண் என்பதே என் கருத்து. ஆனாலும் 50 அங்குலமும் அதற்கு மேலும் வாங்குபவர்கள் 4கே எடுப்பதே சரி. அந்த அளவுகளில் இன்று வருபவை பெரும்பாலும் 4கே திரைகளே; நல்ல பின்னொளி, நல்ல நிறம், படத்தைச் சீராக்கும் நல்ல செயலி (ப்ராசசர்) ஆகியவையும் அவற்றோடுதான் வருகின்றன. 32 அங்குலம் வாங்குபவர்கள் ஃபுல் எச்டி கிடைத்தால் அதில் நிறைவடையலாம். விவரத் தாளில் ‘4கே ஏற்கும்’ என்ற சொற்றொடர் இருந்தால் சற்று நிதானியுங்கள்: 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பது ஒன்று, திரையிலேயே அத்தனை பிக்சல்கள் இருப்பது வேறொன்று. நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு என்று கேட்டால் குழப்பம் தீரும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நாம் பார்க்கும் சேனல்களில் பல 4கேயில் வருவதில்லை. குறைந்த தெளிவில் வரும் படத்தைப் பெரிய திரைக்கு விரித்துக் காட்டும் வேலையைச் செயலி செய்கிறது. கடையில் காட்டும் மலர்களும் அருவிகளும் எந்த டிவியிலும் அழகாகவே இருக்கும். அதனால் சாதாரணச் சேனல் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லி, அல்லது நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஏதேனும் ஒரு காணொளியைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓடவிட்டு, முகங்கள் மெழுகுபோல் வழுவழுப்பாகிறதா, எழுத்துகளின் விளிம்பு நொறுங்குகிறதா என்று பாருங்கள்.

பேனல்: பெயர்களுக்குப் பின்னால் இருப்பது

எல்சிடி, எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று பெயர்கள் அடுக்கடுக்காக வருவதால் ஐந்து வகை இருப்பதாகத் தோன்றும். அடிப்படையில் இருப்பவை இரண்டே. முதல் வகையில் பின்னாலிருந்து வரும் ஒளியைத் திரவப் படிகங்கள் கூட்டியும் குறைத்தும் காட்டுகின்றன, இதுதான் எல்சிடி. பின்னொளிக்கு எல்இடி விளக்குகளை வைத்ததும் அதையே எல்இடி டிவி என்று விற்றார்கள். அந்தப் பின்னொளியின் வழியில் குவாண்டம் புள்ளிகள் என்னும் மிக நுண்ணிய துகள்களைக் கொண்ட ஒரு படலத்தைச் சேர்த்து நிறங்களைத் தூய்மையாக்கினால் அது க்யூஎல்இடி. 2023இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றுத்தந்த கண்டுபிடிப்பு அதே குவாண்டம் புள்ளிகள்தான் என்றாலும், க்யூஎல்இடி என்ற பெயரைப் பார்த்து அது ஓஎல்இடிக்கு உறவு என்று எண்ணிவிடக்கூடாது. எழுத்துகள் ஒத்திருப்பது விற்பனைக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவே. இரண்டாம் வகையான ஓஎல்இடியில் பின்னொளியே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, தேவையில்லாதபோது தானே அணைகிறது. அதனால் கறுப்பு என்பது உண்மையிலேயே கறுப்பாக இருக்கிறது.

எல்சிடியில் கறுப்பைக் காட்டுவதுதான் கடினமான வேலை, ஏனெனில் பின்னாலிருக்கும் ஒளி சிறிதளவாவது கசியும். விலை குறைந்த திரைகளில் விளக்குகள் ஓரங்களில் மட்டும் இருக்கும், அல்லது பின்னால் பரவலாக இருந்தாலும் அனைத்தும் ஒன்றாகவே கூடிக் குறையும். சற்று மேலான திரைகளில் பின்னொளி பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, படத்தின் இருண்ட இடங்களில் மட்டும் தணிக்கப்படும். மினி எல்இடி என்பது மிகச் சிறிய விளக்குகளைக் கொண்டு அந்தப் பகுதிகளின் எண்ணிக்கையை நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ பெருக்குவது. பகுதிகள் குறைவாக இருந்தால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும்போது அதைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் தெரியும். இரவுக் காட்சி ஒன்றைத் துணை எழுத்துகளோடு ஓடவிடச் சொன்னால் ஒரே நிமிடத்தில் இது வெளிப்பட்டுவிடும்.

எல்சிடிக்குள்ளேயே விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு பேனல் வகைகள் பரவலாக உள்ளன. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனல் பக்கவாட்டிலும் நிறத்தைக் காப்பாற்றும். ஆனால் இருட்டு அறையில் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். இருக்கைகள் எல்லாம் திரைக்கு நேராக உள்ள வீட்டுக்கு விஏ, கூடத்தின் மூலைமுடுக்குகளில் உட்கார்ந்து பலர் பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ் என்று பொதுவாகக் கொள்ளலாம். விவரத் தாளில் இது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. திரைக்கு முன்னால் நின்று, பிறகு மெல்லப் பக்கவாட்டில் நடந்து பார்ப்பதே நம்பகமான வழி.

ஓஎல்இடி பக்கவாட்டுப் பார்வையிலும் கறுப்பிலும் முந்தி நிற்கிறது. அதன் பலவீனம், அசையாத உருவம் ஒன்று நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தடம் நாளடைவில் நிலையாகப் பதிந்துவிடக்கூடும் என்பது. இதைத் தடுக்கும் ஏற்பாடுகள் புதிய திரைகளில் இருக்கின்றன. இருந்தாலும் காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல், அதன் சின்னமும் ஓடும் வரியுமாக எரிந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு நான் ஓஎல்இடியைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கும், பகல் வெளிச்சம் நிறைந்த அறையிலும், ஒளி மிகுந்த மினி எல்இடி திரை நன்றாகப் பொருந்தும். இரவில் விளக்கைத் தணித்துப் படம் பார்ப்பவர்களுக்கோ ஓஎல்இடிக்கு இணை வேறில்லை.

எச்டிஆரும் அசைவும்

எச்டிஆர் என்ற முத்திரை இன்று ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறது. வெயிலில் மின்னும் உலோகத்தையும் நிழலில் இருக்கும் முகத்தையும் ஒரே காட்சியில் விவரம் குன்றாமல் காட்டுவதே அதன் நோக்கம். திரையின் ஒளிர்வை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். பழைய முறையில் படங்கள் 100 நிட் ஒளிர்வைக் கணக்கில் வைத்து உருவாக்கப்பட்டன. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட்டையோ அதற்கு மேலும் எண்ணி உருவாக்கப்படுகின்றன. 300 நிட்டைத் தாண்டாத திரை எச்டிஆர் சிக்னலைப் பெற்றுக்கொள்ளும், ஆனால் அதன் பயனைக் காட்ட இயலாது. சில வேளைகளில் படம் வழக்கத்தைவிட இருண்டும் போகும். எச்டிஆர்10, எச்டிஆர்10 ப்ளஸ், டால்பி விஷன் என்னும் வகைகளைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், திரையின் உச்ச ஒளிர்வு எத்தனை நிட் என்றும், நிறச் சாயல்களை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் 10 பிட் பேனலா என்றும் கேளுங்கள்.

அசைவைப் பொறுத்தவரை, திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே முக்கியம். அது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் அல்லது 120 ஹெர்ட்ஸ். 480, 960 என்று பெரிய எண்களோடு ஏதேனும் ஒரு பெயர் சேர்ந்து வந்தால் அது விளம்பர எண். நேட்டிவ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. 24 என்பது 60ஐ மீதமின்றி வகுக்காது, 120ஐ வகுக்கும். அதனால் 60 ஹெர்ட்ஸ் திரைகள் பலவற்றில் காமிரா மெல்லத் திரும்பும்போது சிறு தடுமாற்றம் தெரிகிறது.

இணைப்பு, ஒலி, மென்பொருள்

செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், கேம் கன்சோல் என்று ஒவ்வொன்றும் ஓர் எச்டிஎம்ஐ துளையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் குறைந்தது மூன்று இருக்கட்டும். 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் விளையாட விரும்புபவர்களுக்கு எச்டிஎம்ஐ 2.1 வசதி தேவை. அது எல்லாத் துளைகளிலும் இருக்கிறதா, ஒன்றிரண்டில் மட்டுமா என்று விசாரியுங்கள். சவுண்ட்பார் இணைக்கும் துளையில், டிவியின் ஒலியை அதே கம்பி வழியே சவுண்ட்பாருக்கு அனுப்பும் இஏஆர்சி வசதியின் குறி இருப்பது நல்லது. மெல்லிய டிவிக்குள் பெரிய ஒலிபெருக்கிக்கு இடம் கிடையாது. இருப்பவையும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிப்பதால் வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. செலவுத் திட்டத்தில் சவுண்ட்பாருக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது, அதே பணத்தில் அடுத்த மாடலுக்குத் தாவுவதைவிடப் பல வீடுகளில் அதிகப் பயன் தரும்.

டிவிக்குள் இருக்கும் ஸ்மார்ட் மென்பொருளுக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்க வேண்டாம். பேனல் நன்றாக இருக்கும்போதே அது பழையதாகி வேகம் குறைந்துவிடும். அப்போது ஒரு சிறிய ஸ்ட்ரீமிங் கருவியைச் செருகிச் சரிக்கட்டலாம். முதல் முறை இயக்கும்போது வரும் ஒப்புதல் பக்கங்களை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதைக் கண்டறிந்து அனுப்பும் வசதியும் அவற்றில் அடங்கியிருக்கலாம். அதற்கு மறுப்புத் தெரிவித்தாலும் டிவி வேலை செய்யும்.

வீட்டுக்கு வந்த பின்

உட்கார்ந்திருக்கும்போது கண் இருக்கும் உயரத்துக்குத் திரையின் நடுப்பகுதி வருமாறு வைப்பதே கழுத்துக்கு நல்லது. மேசைமேல் வைப்பதானால், கால்களுக்கு இடையே உள்ள அகலம் மேசையின் அகலத்துக்குள் அடங்குமா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். சுவரில் மாட்டுவதானால் பின்புறத் திருகுத் துளைகளின் அளவுக்கும் டிவியின் எடைக்கும் ஏற்ற தாங்கியை வாங்குங்கள். பெட்டியை எப்போதும் நிமிர்ந்த நிலையிலேயே தூக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்துச் சென்றால் பேனல் வளைந்து விரிசல் விழும் அபாயம் உண்டு. உடைந்த திரைக்கு உத்தரவாதம் பொதுவாகப் பொருந்தாது என்பதால், கொண்டுவந்தவர்கள் போவதற்கு முன்பே திரையை எரியவிட்டு, முழுச் சாம்பல், முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படங்களில் கோடு, கறை, அணைந்த பிக்சல் ஏதேனும் உண்டா என்று சோதித்துவிடுங்கள்.

அதன்பின் காட்சி முறையை விவிட் அல்லது டைனமிக் என்பதிலிருந்து சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள், திரைப்படத்தையும் நாடகத் தொடர்போல வழுக்கிக்கொண்டு ஓடச்செய்யும் மோஷன் ஸ்மூதிங்கை அணையுங்கள். முதல் பார்வைக்குப் படம் மஞ்சளித்தும் மங்கியும் தெரியும், ஏதோ கெட்டுவிட்டது என்றே தோன்றும். ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டுப் பழைய முறைக்குத் திருப்பிப் பாருங்கள். கடையில் உங்களைக் கவர்ந்த அந்த வெள்ளை எவ்வளவு நீலமாக இருந்தது என்று அப்போது தெரியும்.