மாருதி எஸ்டீமை இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஆக்க: என்ஜினைத் தூக்கிப் பின்னால் வையுங்கள்

பழைய சின்ன காரை வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பலர் முதலில் வாங்குவது ஸ்பாய்லர், அடுத்தது சத்தம் போடும் சைலன்சர். இரண்டாலும் வண்டி துளிகூட வேகமாகாது. கணக்கைப் பாருங்கள்: 1999க்குப் பிறகு வந்த 16 வால்வு எஸ்டீமில் 85 குதிரைத்திறன், வண்டி எடை சுமார் 875 கிலோ. அதாவது டன்னுக்கு 97. அதே என்ஜினை ஒரு போல்ட்கூடப் பிரிக்காமல் 550 கிலோ வண்டியில் வைத்தால் டன்னுக்கு 155. டர்போ வேண்டாம், கேம் ஷாஃப்ட் மாற்ற வேண்டாம், செலவெல்லாம் இரும்புக்கும் டயருக்கும் போகட்டும்.

வழி புதிதல்ல. முன் சக்கர இழுவை உள்ள சின்ன காரில் என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் ஒரே கட்டாக வருகிறது. அந்தக் கட்டை அப்படியே எடுத்து டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் மிட் என்ஜின் கார் ரெடி. 1972இல் ஃபியட் 128 என்ற குடும்பக் காரின் கட்டை எடுத்து எக்ஸ்1/9 செய்தார்கள். 1984இல் டொயோட்டா தன் கொரோலா வரிசை உறுப்புகளை வைத்து எம்ஆர்2 செய்தது. நம் ஊரிலும் கோவை கரிவரதன் 1988இல் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார், நரேன் கார்த்திகேயன் பந்தயம் ஓட்டத் தொடங்கியது அதில்தான். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் உள்ளதுதான்.

இரும்பை வெட்டும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் முதலில் சொல்வதில்லை. இந்த வண்டியை நீங்கள் ரோட்டில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்சியில் உள்ளபடி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைத் தனியாகச் சோதித்து நம்பர் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, இங்கே நமக்கு அப்படி வசதி இல்லை. ஆக இது டிராக்குக்கு மட்டும், போய்வர டிரெய்லர்தான். ஆர்டிஓவில் தெரிந்தவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சரி, வண்டி வாங்குவோம். எஸ்டீம் 2007 வரை வந்தது, எல்லாமே 15 வயது தாண்டியவை, எஃப்சி எடுக்க மனமில்லாமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். காயலான் கடையில் தனி என்ஜினாக வாங்காதீர்கள், ஓடுகிற முழு வண்டியாக வாங்குங்கள். பாடி துருப்பிடித்திருந்தால் நமக்கென்ன, தூக்கிப் போடத்தானே போகிறோம். ஆனால் ஒரு வாரமாவது ஓட்டிப் பாருங்கள்: கியர் எல்லாம் விழுகிறதா, வளைவில் ஆக்ஸிலிலிருந்து கடகட சத்தம் வருகிறதா, சூடேறிய பிறகும் ஐடிலிங் அணையாமல் சீராக இருக்கிறதா. இப்போது சரியாக ஓடிய வயரிங்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். வாங்கியதும் ஆர்சியை உங்கள் பெயருக்கு மாற்றி, பிரிக்கும்போது பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிடுங்கள் (55ஆம் பிரிவு, 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்). இல்லாத வண்டிக்கு நோட்டீஸ் வருவது பெரிய தலைவலி.

பிரிக்கும் வேலையில் அவசரம் வேண்டாம். பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டு டேங்க்கைக் கழற்றி வெளியே வையுங்கள். காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் ஆபத்து, அதன் பக்கத்தில் கிரைண்டர் போடவே கூடாது. ஏசி கேஸை மெக்கானிக்கை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வயரிங் செட்டை எந்த இடத்திலும் வெட்டாதீர்கள். ஒவ்வொரு கனெக்டரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அது எங்கே போகிறது என்று எழுதி, படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஈசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சாவி, மீட்டர், ஃபியூஸ் பெட்டி எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில் போகட்டும். என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், அதனால் செயின் பிளாக்கை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கம்பியில் மாட்டாதீர்கள். வாடகைக்குக் கிரேன் ஸ்டாண்டு கிடைக்கும்.

அடுத்து சேஸிஸ். எட்டடிக்கு நாலடி, 18 மிமீ பிளைவுட் இரண்டைச் சேர்த்து மட்டமான மேசை செய்து, அதன் மேலேயே மார்க்கரால் முழு அளவில் படம் வரையுங்கள். நடுக்கோடு முதலில், அப்புறம் முன் சக்கரக் கோடு, பின் சக்கரக் கோடு. வீல்பேஸ் (அந்த இரண்டு சக்கரக் கோடுகளுக்கும் நடுவிலான தூரம்) 2,250 மிமீ என்று வைத்துக்கொள்ளலாம், எஸ்டீமுக்கு 2,365. என்ஜின் கட்டைப் பழையபடியே, முகம் திருப்பாமல் வைக்க வேண்டும்: ஆக்ஸில் கோடு பின் சக்கரக் கோட்டில் வரும், என்ஜின் அதற்கு முன்னால், உங்கள் சீட்டுப் பக்கம் நிற்கும். இடவசதிக்காக 180 டிகிரி திருப்பி வைத்தால் சக்கரம் எதிர்த் திசையில் சுற்றும், ஐந்து ரிவர்ஸ் கியரும் ஒரு ஃபார்வர்ட் கியரும் உள்ள அபூர்வ வண்டி கிடைக்கும். ஆக்ஸில் நீளத்தையும் மாற்றாதீர்கள், எஸ்டீமின் முன் அகலமே உங்கள் பின் அகலம்.

குழாய்க்கு 25 மிமீ ஸ்கொயர் பைப், 1.6 மிமீ தடிமன், கடையில் 16 கேஜ் என்று கேட்டால் போதும். மீட்டர் 1.2 கிலோவுக்குள் வரும், 50 மீட்டர் போட்டாலும் 60 கிலோதான். கதவு கிரில் செய்யும் 20 கேஜ் பைப்பை மலிவாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். வெல்டிங்குக்கு சிஓ2 மெஷின், 0.8 மிமீ வயர். கம்பி வெல்டிங்கில் (எலெக்ட்ரோடு குச்சியால் செய்வது) இந்தத் தடிமனில் ஓட்டை விழும், கை தேர்ந்தவரால் முடியும்தான், நீங்கள் அவரா என்பதை இரண்டு துண்டுகளை ஒட்டி, சம்மட்டியால் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒட்டு தெறித்தால் வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், பைப்பே வளைந்தால் நீங்களே தொடரலாம்.

எல்லா மூட்டுகளையும் முதலில் டாக் (சின்னப் புள்ளி ஒட்டு) மட்டும் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, வித்தியாசம் 1 மிமீக்குள் வந்த பிறகே முழு வெல்டிங். அதையும் ஒரே பக்கம் ஓட்டிக்கொண்டு போகாமல் இங்கே ஒன்று, எதிர் மூலையில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். எந்தச் சதுரமும் மூலைக்கு மூலை போகும் குறுக்குக் குழாய் இல்லாமல் நிற்கக் கூடாது, கட்டு தளர்ந்த கயிற்றுக் கட்டில் போலப் பக்கவாட்டில் ஆடும். ஆள் ஏறி உட்காரும் இடத்தில் மட்டும் குறுக்குக் குழாய் போட முடியாது, அதற்கு ஈடாகப் பக்கவாட்டுச் சட்டத்தை ஆழமாகவும் உயரமாகவும் செய்யுங்கள்.

சட்டம் எவ்வளவு விறைப்பு என்று வீட்டிலேயே அளக்கலாம், பலர் இதைச் செய்வதில்லை. பின்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டுகளில் இறுக்கிக் கட்டுங்கள். முன்பக்கத்தை நடுவில் ஒரே முனையில் தாங்கி, முன் சட்டத்தோடு ஒரு கனத்த பைப்பைக் குறுக்கே கட்டி, நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளி 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தொங்கவிடுங்கள். முறுக்கு கிட்டத்தட்ட 980 நியூட்டன் மீட்டர். இப்போது நடுவிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் பைப் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள்: 17.5 மிமீ என்றால் ஒரு டிகிரி. 9 மிமீக்குள் நின்றால் டிகிரிக்கு ஏறக்குறைய 2,000 நியூட்டன் மீட்டர், இந்த எடைக்கு நல்ல சட்டம். அதிகம் இறங்கினால் எந்தக் கட்டம் நெளிகிறது என்று கண்ணாலேயே தெரியும், அங்கே ஒரு குறுக்குக் குழாய் சேர்த்துவிட்டு மறுபடி தொங்கவிடுங்கள்.

பின் சஸ்பென்ஷனுக்கு எஸ்டீமின் முன் நக்கிள் (சக்கர ஹப்பைத் தாங்கும் இரும்பு), லோயர் ஆர்ம் (அதைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை), ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மூன்றும் அப்படியே வருகின்றன. இங்கேதான் ஆளைக் கவிழ்க்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த நக்கிளில் ஸ்டியரிங் ஆர்ம் இருக்கும். இப்போது அது பின்னால் போய்விட்டது, பின் சக்கரம் திரும்பக் கூடாது. ஸ்டியரிங் ராக்குக்குப் பதில் இரண்டு முனையிலும் மரையுள்ள ஒரு கம்பியால் அதைச் சட்டத்தோடு கட்ட வேண்டும். அந்தக் கம்பி லோயர் ஆர்முக்கு இணையாக, ஏறக்குறைய அதே நீளத்தில், அதன் உள்முனை லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் மூட்டு) இருக்கும் கோட்டிலேயே வர வேண்டும். நீளம் தவறினால் ஒவ்வொரு மேட்டிலும் பின் சக்கரம் தானே திரும்பும், வளைவில் வண்டி வால் வீசும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை மேலும் கீழும் 5 செமீ ஏற்றி இறக்கி, டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறுகிறதா என்று பார்த்த பிறகே பிராக்கெட்டை முழுதாக வெல்ட் செய்யுங்கள்.

முன்பக்கத்துக்கு இன்னொரு எஸ்டீம் முன் செட் வேண்டும். பழைய உதிரிபாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ நக்கிள், டிஸ்க், கேலிப்பர், ஸ்டியரிங் ராக் எல்லாம் கம்ப்ளீட் செட்டாகக் கேளுங்கள். முன் சக்கரத்துக்கு இனி ஆக்ஸில் கிடையாது, ஆனால் வெளி ஜாயின்ட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! வீல் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பது அந்த ஜாயின்ட்டின் மரைத் தண்டும் நட்டும்தான். தண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆக்ஸிலை வெட்டி, நட்டை உரிய டார்க்கில் (முடுக்கும் விசையில்) முடுக்குங்கள். வெறும் ஹப்பாக ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரம் தனியாகப் போகும். ஸ்ட்ரட் உயரமாக நிற்பதால் முன் மூக்கைத் தாழ்த்த முடியாது. தாழ்வான மூக்கு வேண்டுமென்றால் நக்கிளில் ஸ்ட்ரட் மாட்டும் இரண்டு போல்ட் துளைகளில் ஒரு கனமான பிராக்கெட் வைத்து, மேலே பால் ஜாயின்ட் கொடுத்து, மேல் விஷ்போன் (V வடிவக் கை) செய்ய வேண்டும். முதல் வண்டிக்கு ஸ்ட்ரட்டே போதும் என்பேன், அழகு கொஞ்சம் குறையும்.

நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு டிஸ்க் வந்துவிட்டது. பிரேக் பூஸ்டரைக் கழற்றிவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர், நடுவில் அழுத்தத்தை இரண்டுக்கும் பங்கிடும் பேலன்ஸ் பார். ஈரத் தரையில் மெதுவாகப் போய் அழுத்திப் பாருங்கள், எப்போதும் முன் சக்கரம்தான் முதலில் சுற்றாமல் பூட்டிக்கொள்ள வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேடியேட்டர் மூக்கில், அங்கிருந்து என்ஜினுக்கு இரண்டு நீளக் குழாய், கூலன்ட் டேங்க் எல்லாவற்றுக்கும் மேலான இடத்தில், ரேடியேட்டர் உச்சியில் காற்று விட ஒரு சின்ன வால்வு. கியர் ராடு பின்னால் பார்த்து வெளியே வரும், அதை என்ஜினுக்கு அடியில் சுற்றி முன்னால் கொண்டுவர ஜாயின்ட் வேண்டும், லேத்தில் செய்துகொள்ளலாம். பெட்ரோல் டேங்க்குக்குள் தடுப்புத் தகடு அவசியம். நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். டேங்க்குக்கும் சீட்டுக்கும் நடுவில் ஓட்டை இல்லாத இரும்புத் தகடு. வண்டியில் வெல்டிங் போடும்போதெல்லாம் பேட்டரியையும் ஈசிஎம்மையும் கழற்றிவிடுங்கள்.

ரோல் பார் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதியில் முதன்மை வளையத்துக்கு 45 மிமீ விட்டம், 2.5 மிமீ தடிமன், அல்லது 50க்கு 2 மிமீ, தையல் இல்லாத குழாய். ஒரே குழாயாக, சூடாக்காமல் மெஷினில் வளைத்தது, பின்னால் இரண்டு தாங்கு குழாய்களோடு. ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் தலை அதற்குக் கீழே 5 செமீயாவது இருக்க வேண்டும்.

பாடிக்குத் தட்டையான இடமெல்லாம் 1.2 மிமீ அலுமினியத் தகடு, பாப் ரிவெட். மூக்குக்கும் மட்கார்டுக்கும் மட்டும் ஃபைபர். ரெசினில் முதலில் கோபால்ட்டை (இறுகுவதை வேகமாக்கும் திரவம்) கலந்து நன்றாகக் கிளறி, அப்புறம்தான் ஹார்டனர். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும், ஒரே கப்பில் அளக்கக்கூடக் கூடாது. சித்திரை வெயிலில் ஹார்டனர் 1 சதவீதமே போதும், அதற்கு மேல் போட்டால் பிரஷ்ஷோடு இறுகிவிடும்.

டிராக்குக்குக் கிளம்பும் முன் நீங்கள் சீட்டில் உட்கார்ந்தபடி நான்கு சக்கரத்துக்கும் அடியில் எடை மெஷின் வைத்து, குறுக்கு எடைகளை (எதிரெதிர் மூலைச் சக்கரங்களின் கூட்டுத்தொகை) சமப்படுத்துங்கள். பின் சக்கரங்களுக்கு ஒரு பக்கம் 1 முதல் 2 மிமீ டோ இன், முன்னுக்குப் பூஜ்யம், காற்று 20 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். எஸ்டீமின் ஸ்பிரிங் இந்த எடைக்கு முரடு, கேஸ் வைத்து வெட்டாமல் மென்மையான ஸ்பிரிங் தேடுங்கள். சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் என்றாலும் கோவை என்றாலும் முன்கூட்டியே பேசி, அவர்கள் கேட்கும் தீயணைப்பான், மின்சாரத்தை ஒரேயடியாக நிறுத்தும் கில் சுவிட்ச், பெல்ட் எல்லாம் மாட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் இரண்டு சுற்று மெதுவாக, உடனே உள்ளே வந்து சக்கர நட்டிலிருந்து லோயர் ஆர்ம் வரை எல்லாவற்றையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்து, முடுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. அடுத்த முறை உள்ளே வரும்போது கோடு விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே போதும்.