பதினாறு பேருக்குக் கிறிஸ்துமஸ் சாமான்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் டிசம்பர் 25 மதியம் 16 பேர் சாப்பிடுவோம். முதலில் ஆள் கணக்கை எழுதுங்கள். யாருக்குச் சர்க்கரை நோய், யார் கறி சாப்பிடமாட்டார்கள் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

மைதா, சீனி, முந்திரி, எண்ணெய் எல்லாம் டிசம்பர் முதல் வாரமே வாங்கிவிடுவேன். முந்திரிக்கொத்துக்கு உடன்குடி கருப்பட்டிதான். வேறு எதிலும் எனக்கு அந்த மணம் கிடைத்ததில்லை.

அச்சு முறுக்கை 18-ஆம் தேதி வாக்கில் சுடுங்கள். ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, மாவு மில்லில் அரைத்து வாங்குங்கள். தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்துக் கரையுங்கள். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, முக்கால் பாகம் மட்டும் மாவில் முக்க வேண்டும். முழுதாக முக்கினால் முறுக்கு கழன்று வராது. நன்றாக ஆறிய பிறகே டின்னில் அடுக்குங்கள். ஒரு வருஷம் சூட்டோடு மூடிவிட்டேன், 24-ஆம் தேதி திறந்தால் அத்தனையும் நமுத்துப்போயிருந்தது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கேக் 20-ஆம் தேதி. பழங்களை ஐந்து நாள் முன்பே ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பிரியாணிக்குச் சீரகச் சம்பா 2 கிலோ, ஆட்டுக்கறி 3 கிலோ. கறிக்கடையில் 20-ஆம் தேதியே சொல்லிவைத்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் நேரத்தில் கூட்டம் தாங்காது. பால், தயிர், வாழையிலை 24 மாலை போதும். அதிகாலை ஆராதனைக்குப் போக வேண்டுமே, அதனால் வெங்காயம் உரிப்பது, இஞ்சி பூண்டு அரைப்பது எல்லாம் முந்தின இரவே முடிந்துவிடட்டும்.