மென்பொருள் நிறுவ மறுக்கும்போது செய்யக் கூடாதவை

விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருள் நிறுவல் பாதியில் நின்றுபோனால், அந்தத் தோல்வியால் பெரும்பாலும் எதுவும் கெட்டுவிடுவதில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட நிறுவி, தான் வைத்த கோப்புகளைத் தானே அகற்றிவிட்டு, கணினியைப் பழைய நிலையில் விட்டுத்தான் வெளியேறும். சேதம் அதற்கடுத்த அரை மணி நேரத்தில், நம் கையால் நடக்கிறது. வைரஸ் தடுப்பை அணைக்கிறோம், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கிறோம், எங்கிருந்தோ ஒரு டிஎல்எல் கோப்பை (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பு) இறக்கிப் போடுகிறோம். எதுவும் பலிக்காமல் கணினியைக் கடைக்குத் தூக்கிப் போனால், அங்கே காரணம் கேட்பதற்கு முன்பே "ஃபார்மட் செய்துவிடலாம்" என்கிறார்கள். நிறுவல் ஏன் நின்றது என்ற கேள்வியை இந்த வரிசையில் யாருமே கேட்பதில்லை.

பிழைப் பெட்டியைப் படிக்காமல் மூடுவது

பெட்டியில் ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். விண்டோஸின் சொந்த நிறுவல் முறையைப் பயன்படுத்தும் எம்எஸ்ஐ வகை நிறுவிகள் தரும் எண்களில் சில நேரடியாகவே விஷயத்தைச் சொல்லிவிடும். 1618 என்றால் வேறொரு நிறுவல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் காத்திருந்தாலே சரியாகும். 1638 என்றால் அதே மென்பொருளின் வேறொரு பதிப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 3010 என்பது பிழையே அல்ல. நிறுவல் முடிந்துவிட்டது, கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள். எண்ணைக் கண்டதும் பதறி, முடிந்துபோன நிறுவலை அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறவர்கள் உண்டு.

வம்பு பிடித்தது 1603. "நிறுவலின்போது மீள முடியாத பிழை" என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது. கோப்புறைக்கு அனுமதி இல்லாவிட்டாலும் அதே எண், துணை நிரல் ஒன்று இல்லாவிட்டாலும் அதே எண். இதை இணையத்தில் தேடினால் பத்துத் தீர்வுகள் கிடைக்கும். பத்தும் பத்து வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள். அவற்றை வரிசையாக முயல்வதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான தவறு என்பேன்.

இந்த 1603 வேறு வேடத்திலும் வரும். 0எக்ஸ்80070643 என்று நீளமாக ஓர் எண் வந்தால், அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாக எடுத்துக்கொண்டு பதின்ம எண்ணாக மாற்றுங்கள். 643 என்பது 1603 ஆகிவிடும். விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் முறைக்குப் போனால் இந்த மாற்றம் நொடியில் முடியும். 0எக்ஸ்8007 என்று தொடங்கும் எண்கள் பெரும்பாலும் இப்படித்தான். 80070005 என்றால் 5, அதாவது அனுமதி மறுப்பு. 80070070 என்றால் 112, வட்டில் இடமில்லை. கமாண்ட் பிராம்ப்டில் 'நெட் ஹெல்ப்மெசேஜ்' கட்டளையை (ஆங்கில எழுத்தில், மெசேஜ் என்பதை எம்எஸ்ஜி என்று சுருக்கி) தட்டி, பக்கத்தில் அந்தப் பதின்ம எண்ணைக் கொடுத்தால் விண்டோஸே பொருளைச் சொல்லும்.

இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு 2024 ஜனவரியில் நல்ல சான்று கிடைத்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கேபி5034441 என்ற புதுப்பிப்பு ஏராளமான கணினிகளில் இதே 80070643 எண்ணுடன் தோற்றது. உண்மையான காரணம், வட்டின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் மீட்புப் பகுதியில் இடம் போதவில்லை என்பது. அந்தப் புதுப்பிப்புக்கு அங்கே 250 எம்பி காலி இடம் தேவைப்பட்டது. சி டிரைவில் நூறு ஜிபி காலியாக இருந்தாலும் பயனில்லை. பிழைப் பெட்டியை மட்டும் பார்த்தவர்களுக்கு இது புலப்பட வழியே இல்லை.

தடயத்தை அழிப்பது

பெட்டி சொல்லாததை, நிறுவி செய்ததையெல்லாம் வரிசையாகப் பதிந்து வைக்கும் லாக் கோப்பு சொல்லும். பல நிறுவிகள் தங்கள் லாக் கோப்பைத் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையில் விட்டுச் செல்கின்றன. விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, டெம்ப் என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் தட்டினால் அந்தக் கோப்புறை திறக்கும். தேதி வாரியாக அடுக்கினால், சற்றுமுன் உருவான லாக் மேலே நிற்கும். "முதலில் டெம்ப் ஃபைல்களை எல்லாம் அழித்துவிடு" என்று வரும் வழக்கமான அறிவுரை ஏன் ஆபத்தானது என்பது இதிலிருந்தே தெரியும்.

எம்எஸ்ஐ கோப்பு விரிவான லாக் எதையும் விடவில்லை என்றால், எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையோடு சாய்கோடு, எல், நட்சத்திரக் குறி, வி ஆகிய எழுத்துகளைச் சேர்த்து இயக்கி எழுத வைக்கலாம். வரும் கோப்பு ஆயிரக்கணக்கான வரிகள் நீளும். மிரள வேண்டாம். அதில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்ற சொற்றொடரைத் தேடுங்கள். அது முதன்முதலில் வரும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சில வரிகளில்தான் காரணம் இருக்கும். கோப்பின் கடைசி வரியைப் படித்துவிட்டு முடிவு கட்டுவது வீண். அங்கே இருப்பதெல்லாம் நிறுவி தோற்றுப்போன பிறகு செய்த துப்புரவுப் பணியின் பதிவு. அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பிரிவில் எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் என்ற மூலத்திலிருந்து வந்த பதிவுகளையாவது பார்க்கலாம்.

ஷட்டவுனை ரீஸ்டார்ட் என்று நம்புவது

"அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன், அப்போதும் வரவில்லை" என்பார்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், இயங்குதளத்தின் உட்கருவின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, திறக்கும்போது அப்படியே மீட்கப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முந்தைய நிறுவல் ஒன்று மறுதொடக்கத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தால், இரவெல்லாம் அணைத்து வைத்தாலும் அது காத்துக்கொண்டேதான் இருக்கலாம்.

டிஎல்எல் வேட்டை

மென்பொருளைத் திறந்ததும் "விசிரன்டைம்140.டிஎல்எல் காணவில்லை" என்றோ, "எம்எஸ்விசிபி140.டிஎல்எல் காணவில்லை" என்றோ செய்தி வரும். உடனே அந்தப் பெயரைத் தேடி, தனி டிஎல்எல் கோப்புகளை விநியோகிக்கும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, சிஸ்டம்32 கோப்புறையில் போடுவது பலருக்கு வழக்கம். யார் மாற்றியமைத்தார்கள் என்றே தெரியாத ஒரு நிரலை இயங்குதளத்தின் நடுவீட்டில் உட்கார வைக்கிறோம் என்பது முதல் சிக்கல். அதோடு முடியவில்லை. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 கோப்புறையில்தான் 64 பிட் கோப்புகள் இருக்கின்றன; 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில் இருக்கின்றன. பெயரை வைத்து ஊகித்தால் நிச்சயம் தலைகீழாகத்தான் போடுவீர்கள். அப்படிப் போட்டால் 'காணவில்லை' என்ற செய்தி மறைந்து, அதற்குப் பதில் சி000007பி என்று முடியும் இன்னொரு பிழை வரும். 64 பிட் நிரலும் 32 பிட் கோப்பும் கலந்துவிட்டன என்பதற்கு அது நல்ல அடையாளம்.

அந்த டிஎல்எல்கள் தனியாக வாழ்பவை அல்ல. மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பின் உறுப்புகள் அவை. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் அந்தத் தொகுப்பை நிறுவினால் வேலை முடிந்தது. 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள். எது தேவை என்பதை முடிவு செய்வது நிரலின் வகை, விண்டோஸின் வகை அல்ல.

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்று உண்டு. நிறுவிய நிரல்களின் பட்டியலில் விஷுவல் சி++ 2008, 2010, 2012, 2013 என்று வரிசையாக இருப்பதைப் பார்த்து, பழையவை எதற்கு என்று நீக்கிவிடுகிறார்கள். 2015 முதல் வந்த பதிப்புகளில்தான் புதியது பழையதற்கு ஈடாக நிற்கும். அதற்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுப் பதிப்பும் தனித்தனி. நீக்கினால், அதை நம்பியிருக்கும் ஏதோ ஒரு மென்பொருள் மறுநாள் திறக்காது.

தமிழில் பெயர் வைத்த பயனர் கணக்கு

கணினி உதவிக் கட்டுரைகளில் அதிகம் பேசப்படாத சிக்கல் இது. நம் வாசகர்களுக்கு வரக்கூடியது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விண்டோஸில் உள்ளூர்க் கணக்கு உருவாக்கும்போது பயனர் பெயரைத் தமிழில் தட்டினால், சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறைக்குள் அதே தமிழ்ப் பெயரில் ஒரு கோப்புறை உருவாகிறது. டெம்ப் கோப்புறை அதற்குள்தான் இருக்கிறது. ஒருங்குறியை (யூனிகோட்) மதிக்கும் நிறுவிகளுக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் பழைய பாணியில் எழுதப்பட்ட நிறுவிகள் கோப்புறைப் பாதையை 8 பிட் குறிமுறையில் கேட்கின்றன. பழைய நிரல்களுக்காக விண்டோஸ் இயல்பாகப் பயன்படுத்தும் 8 பிட் குறிமுறைப் பக்கங்களில் தமிழுக்கென்று ஒன்று கிடையாது. தமிழ் அங்கே ஒருங்குறியாக மட்டுமே வாழ்கிறது. ஆகவே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நிற்கும். கேள்விக்குறி கோப்புறைப் பெயரில் வரவே கூடாத எழுத்து. நிறுவி "பாதை தவறு" என்று சொல்லி நின்றுவிடும்.

இங்கே செய்யும் தவறு, கன்ட்ரோல் பேனலுக்குப் போய்க் கணக்கின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றுவது. அது திரையில் தெரியும் பெயரை மட்டுமே மாற்றும். கோப்புறை தமிழிலேயே இருக்கும். அந்தக் கோப்புறையின் பெயரைக் கையால் மாற்ற முயன்றால் கணக்கே திறக்காமல் போகலாம். சி டிரைவில் ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி, டெம்ப் கோப்புறை எங்கே இருக்கிறது என்று நிரல்களுக்குச் சொல்லும் டெம்ப், டிஎம்பி என்ற இரண்டு சூழல் மாறிகளையும் அதற்குத் திருப்பிவிடுவது எளிய வழி. அதற்கும் மசியாவிட்டால் ஆங்கிலப் பெயரில் புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி அதிலிருந்து நிறுவுங்கள். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-இலும் பழைய நிரல்களையும் யுடிஎஃப்-8 (ஒருங்குறியின் ஒரு வடிவம்) பேசவைக்கும் ஒரு சோதனை வசதி இருக்கிறது. திஸ்கி, டேப் போன்ற பழைய 8 பிட் எழுத்துருக்களை நம்பிய நிரல்களை வைத்திருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது; அங்கே எழுத்துகள் குழம்பும்.

வைரஸ் தடுப்பும் அட்மினிஸ்ட்ரேட்டரும்

நிறுவி தோற்றால் வைரஸ் தடுப்பை அணைப்பதும், 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுப்பதும் மந்திரம்போல் ஆகிவிட்டன. அணைப்பதற்கு முன், அது உண்மையிலேயே எதையாவது தடுத்ததா என்று அதன் பாதுகாப்பு வரலாற்றில் பாருங்கள்; தடுத்திருந்தால் அங்கே பதிவு இருக்கும். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில், கோப்புறைகளில் நிரல்கள் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்' இயங்கினால், டெஸ்க்டாப்பில் ஒரு குறுக்குவழி வைக்கக்கூட நிறுவியால் முடியாமல் போகலாம். அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதுமானது. வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லித் தொடங்கும் கிராக் கோப்புகளைப் பற்றித் தனியாக எழுத என்ன இருக்கிறது? கதவைத் திறந்துவைக்கச் சொல்பவர் எதற்காகச் சொல்கிறார் என்பது தெரிந்ததே.

அட்மினிஸ்ட்ரேட்டர் முறையிலும் பக்கவிளைவு உண்டு. உங்கள் கணக்குக்கு அந்த உரிமை இல்லாமல் வேறொருவரின் கடவுச்சொல்லைக் கொடுத்து நிறுவினால், பயனருக்கு மட்டும் என்று நிறுவிக்கொள்ளும் மென்பொருள்கள் அந்த வேறொருவரின் கணக்கில் போய் உட்காரும். அலுவலகங்களில் செட்டப் கோப்பு நெட்வொர்க் டிரைவில் இருந்தால், அட்மினிஸ்ட்ரேட்டர் முறைக்கு மாறியதும் அந்த டிரைவே தெரியாமல் போவதும் உண்டு. கோப்பைச் சி டிரைவுக்கு நகலெடுத்துக்கொண்டு இயக்குங்கள்.

தவறாக நீக்குவது

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய்க் கோப்புறையை அழிப்பது நீக்கம் ஆகாது. ரெஜிஸ்ட்ரியில் அந்த மென்பொருள் இன்னும் உயிரோடு இருப்பதாகவே விண்டோஸ் நினைக்கும். அடுத்த நிறுவல் 1638 என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம். வட்டில் இடம் தேடி, விண்டோஸ் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் என்ற கோப்புறையை அழிப்பது இதைவிட மோசம். நிறுவிய எம்எஸ்ஐ கோப்புகளின் நகல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவை போனால் பின்னாளில் அந்த மென்பொருள்களைப் பழுதுபார்க்கவோ, மேம்படுத்தவோ, நீக்கவோகூட முடியாமல் திண்டாட நேரும். இந்தச் சிக்கலுக்கென்றே மைக்ரோசாஃப்ட் 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால்' என்ற இலவசச் சரிபார்ப்புக் கருவியைத் தருகிறது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களுக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு இல்லை; எனக்கும் அவற்றின் மீது மரியாதை இல்லை.

சின்னச் சின்னவை

ஜிப் கோப்பைப் பிரிக்காமல், உள்ளே இருக்கும் செட்டப்பை இருமுறை சொடுக்கினால் அது மட்டும் தனியாக வெளியே வரும். துணைக் கோப்புகள் வராது. டி டிரைவில் நிறுவச் சொன்னாலும் கோப்புகளை விரிக்க முதலில் சி டிரைவில் இடம் வேண்டும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், இணையத்திலிருந்து மீதியை இறக்கும் நிறுவிகள் சான்றிதழ் பிழை காட்டி நிற்கும். 16 பிட் நிறுவியோடு வந்த தொண்ணூறுகளின் குறுந்தகடுகள் 64 பிட் விண்டோஸில் பெரும்பாலும் ஓடாது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் குரோம் 109-க்கு மேலோ பைத்தான் 3.8-க்கு மேலோ முயல வேண்டாம். பழுது எதுவும் இல்லை, ஆதரவுதான் இல்லை. சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் இன்ஸ்டாலர் நின்றிருப்பதைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம். தேவைப்படும்போது எழுந்து வருவதுதான் அதன் இயல்பு.

ஃபார்மட்டுக்கு முன்

எல்லாம் பார்த்தும் நகரவில்லை என்றால், முதலில் புதிய பயனர் கணக்கு ஒன்றில் நிறுவிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு விண்டோஸில் இல்லை, உங்கள் கணக்கில்தான். அங்கேயும் தோற்றால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து உங்கள் விண்டோஸ் பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகல்) இறக்குங்கள். முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்த பிறகு ஐஎஸ்ஓவைத் திறந்து, உள்ளே இருக்கும் செட்டப்பை இயக்கி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் தன்னைத்தானே மறுபடி எழுதிக்கொள்ளும், உங்கள் மென்பொருள்கள் அப்படியே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து செட்டப்பைத் திறந்தால் மட்டுமே இந்த விருப்பம் கிடைக்கும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் கிடைக்காது. கடைக்காரரிடம் கணினியை ஒப்படைப்பதற்கு முன்பே இதை அவரிடம் கேட்டுவிடுங்கள்.