உணவில் சால்மொனெல்லா இருக்கிறதா? ரியல்-டைம் பிசிஆர் சோதனை

சால்மொனெல்லா உணவு வழியாக நோய் பரப்பும் பாக்டீரியா. 25 கிராம் உணவில் அது உயிருடன் ஒன்றே ஒன்று இருந்தாலும் சோதனையில் அது சிக்க வேண்டும். ரியல்-டைம் பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு நகலெடுத்து, அது பெருகுவதை ஒளிர்வு வளைவாக உடனுக்குடன் காட்டும் சோதனை. அதன் குழாய்க்குள் போவதோ சில மைக்ரோலிட்டர். அதனால் முதலில் பாக்டீரியாவைப் பெருகவிட வேண்டும். மிகுந்த கவனம் கேட்பது இந்தப் படிதான்.

கிருமி நீக்கிய பையில் 25 கிராம் மாதிரியுடன் 225 மில்லி பஃபர் பெப்டோன் நீர் (பாக்டீரியா வளர ஊட்டம் தரும் நீர்மம், அதாவது ஊடகம்) சேர்த்துக் கலக்கி, 37 டிகிரி செல்சியஸில் 18 மணி நேரம் வையுங்கள். ஊடகத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். அது சூடேறவே சில மணி நேரம் போய்விடும். உறைந்தோ உலர்ந்தோ அடிபட்ட செல்கள் மெதுவாகத்தான் தேறும் என்பதால் நேரத்தைக் குறைக்கவும் கூடாது. பால் பவுடரை ஊடகத்தின் மேல் தூவி, கலக்காமல் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். திடீரென ஈரம் பட்டால் உலர்ந்த செல்கள் வெடித்துச் சாகும்.

சில உணவுகள் பாக்டீரியாவை வளரவிடாது. கோகோவுக்கு, ஊடகத்தில் லிட்டருக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேருங்கள். வெங்காயம், பூண்டுக்கு 0.5 சதவீதம் பொட்டாசியம் சல்ஃபைட். இலவங்கப்பட்டையை 1:100 அளவுக்கு நீர்க்க வைப்பதே வழி.

மறுநாள், மேலே மிதக்கும் கொழுப்பைத் தவிர்த்து 1 மில்லி எடுங்கள். சென்ட்ரிஃபியூஜ் கருவியில் 10,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு) 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்ததை 200 மைக்ரோலிட்டர் தூய நீரில் கரைத்து, செல்கள் உடைய 100 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். ஆறியதும் மறுபடி சுழற்றினால் மேல்நீரில் டிஎன்ஏ இருக்கும். அதில் 5 மைக்ரோலிட்டரை, சால்மொனெல்லாவை அடையாளம் காட்டும் இன்வ்-ஏ மரபணுவுக்கான பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு), புரோப் (நகல் உருவாகும்போது ஒளிரும் துண்டு) கொண்ட 20 மைக்ரோலிட்டர் கலவையில் சேர்த்து, பிசிஆர் கருவியில் சூடாக்கிக் குளிர்விக்கும் 40 சுழற்சி ஓட்டுங்கள்.

ஒவ்வொரு குழாயிலும் உள்கட்டுப்பாட்டு டிஎன்ஏ (வினை சரியாக நடந்ததா என்று காட்ட, வேண்டுமென்றே சேர்க்கும் வேறொரு டிஎன்ஏ) இருக்க வேண்டும். இன்வ்-ஏ வளைவு எழாமல் உள்கட்டுப்பாட்டின் வளைவு மட்டும் எழுந்தால் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதலாம். இரண்டுமே எழாவிட்டால் அது எதிர்மறை முடிவே அல்ல. உணவிலிருந்து வந்த கொழுப்போ பாலிஃபீனாலோ (தாவரங்களில் உள்ள ஒருவகை வேதிப்பொருள்) டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியைத் தடுத்திருக்கலாம். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். தடையை மறைத்து ‘இல்லை’ என்று சொல்வதுதான் இந்தச் சோதனையில் மிக ஆபத்தான பிழை.

டிஎன்ஏ சேர்க்காத வெற்றுக் குழாயில் வளைவு எழுந்தால் அந்தத் தொகுதியின் முடிவுகள் எதையும் நம்பாதீர்கள். கலவை தயாரிக்கும் இடமும் டிஎன்ஏ சேர்க்கும் இடமும் தனித்தனியாக இருக்கட்டும். ஓட்டி முடித்த குழாய்களை ஒருபோதும் திறக்காதீர்கள்.

நேர்மறை வந்தால் உயிருள்ள பாக்டீரியாவைப் பிரித்துக் காட்ட வேண்டும். செத்த செல்லின் டிஎன்ஏவும் வளைவு தரும். அதற்காகவே முதல் ஊடகத்தைக் குளிரில் பத்திரப்படுத்துங்கள். அதில் 0.1 மில்லியை 10 மில்லி ராப்பபோர்ட்-வாசிலியாடிஸ் சோயா ஊடகத்தில் (மற்ற பாக்டீரியாவை அடக்கி சால்மொனெல்லாவை வளர்ப்பது) இட்டு 41.5 டிகிரியில் 24 மணி நேரம் வளர்த்து, எக்ஸ்எல்டி தட்டில் (சால்மொனெல்லா காலனிகளை நிறத்தால் காட்டும் திட ஊடகம்) கீறுங்கள். 37 டிகிரியில் ஒரு நாள் கழித்து, கரு மையத்துடன் செந்நிறக் காலனிகள் தெரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்காத வகைகளில் அந்தக் கருமை இராது. ஆகவே சந்தேகமான காலனிகளையும் எடுத்து உயிர்வேதியியல், ஓ-ஆன்டிசீரம் (செல்லின் மேற்பரப்பிலுள்ள ஓ-ஆன்டிஜெனை எதிர்ப்பொருளால் அறிவது) சோதனைகளுக்கு அனுப்புங்கள்.