பழைய பாடகரா, அவர் பாட்டைப் பாடும் ஆர்கெஸ்ட்ராவா: ஆடிக் கச்சேரிக்கு ஆள் பிடிப்பது எப்படி

ஆடி பிறந்தால் வடசென்னையில் காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். ராத்திரி கச்சேரியும் உண்டு. விழாக் கமிட்டியில் வருஷா வருஷம் இதே பேச்சுதான்: ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பாடகரையே அழைப்பதா, அவர் பாட்டை அச்சு அசலாகப் பாடும் ஆர்கெஸ்ட்ராவைப் பிடிப்பதா? எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கானா, அதாவது நம் வடசென்னைத் தெருப்பாட்டு என்றால் எத்தனை வயதானாலும் அசல் ஆளையே அழையுங்கள். சினிமாப் பாட்டு என்றால் முழுக் கச்சேரியையும் மூத்தவர் தலையில் கட்டாதீர்கள். ஆர்கெஸ்ட்ரா கச்சேரியைத் தாங்கட்டும், அவர் நடுவில் எட்டுப் பாட்டுப் பாடட்டும்.

சினிமாப் பாட்டில் ஜனங்கள் காதில் பதிந்திருப்பது ரெக்கார்டு. முப்பது வயதில் பாடிய குரலை எழுபது வயதுக்காரரிடம் எதிர்பார்த்துத்தான் வந்து உட்காருவார்கள். கானாவில் அந்தச் சிக்கல் கிடையாது. பாடுகிறவரே பாட்டு வரிகளைக் கட்டுகிறார், அந்த இடத்து ஆட்களை வைத்தே கட்டுகிறார். அதை இன்னொருவர் நகலெடுத்தால் பழைய வரிதான் மிஞ்சும்.

பேச்சுவார்த்தைக்கு முன் குரலைக் கேளுங்கள். யூடியூபில் இருக்கும் பழைய நிகழ்ச்சி உதவாது. கடைசி ஆறு மாதத்துக்குள், கூட்டத்திலிருந்து யாரோ செல்போனில் எடுத்த, வெட்டாத வீடியோ வேண்டும். பல்லவியை விட்டுவிட்டுச் சரணத்தில் மேலே போகும் வரியைக் கவனியுங்கள். அங்கே மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டினாலோ, வரியைப் பேச்சாகச் சொல்லிக் கடந்தாலோ கட்டையை, அதாவது பாடும் சுருதியை, இறக்கியாக வேண்டும்.

எந்தப் பாட்டை இப்போது எத்தனை கட்டையில் பாடுகிறார் என்று அவரிடமே கேட்டு எழுதி, குறைந்தது பத்து நாள் முன்னால் ஆர்கெஸ்ட்ராவிடம் கொடுங்கள். 4 கட்டைப் பாட்டு 2 கட்டைக்கு இறங்கினால் கீபோர்டுகாரருக்குச் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸில் மைனஸ் 3, பட்டனைத் தட்டினால் முடிந்தது. மற்றவர்களுக்கு அப்படி முடியாது. புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுத்து வர வேண்டும். தபேலாவை அவ்வளவு இறக்கினால் நாதம் செத்துவிடும், அதனால் இரண்டாவது தபேலா தேவை. டூயட்டில்தான் பெரிய அடி விழுகிறது: ஆணுக்காக இறக்கிய சுருதியில் பெண் குரல் அடித்தொண்டைக்குப் போய்க் காணாமல் போகும். ஆகவே எட்டில் குறைந்தது ஆறு பாட்டு தனிப்பாட்டாக இருக்கட்டும்.

மூத்தவரை ஒருபோதும் டிராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) போட்டுப் பாட வைக்காதீர்கள். ஒரு வரி மறந்தாலோ தாமதமாக எடுத்தாலோ டிராக் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் வைத்து வாசிக்கும் குழு இடையிசையை இன்னொரு சுற்று வாசித்து அவருக்காகக் காத்திருக்கும். எம்.ஜி.ஆர்., ரஜினி வேஷம் கட்டி ஆடுகிறவர்களுக்கு டிராக் தாராளமாகப் போதும். அங்கே கண்ணுக்குத்தான் வேலை.

பின்னால் துணைக்குரல் பாட ஒருவர் வேண்டும். பல்லவியிலும் சரணத்தின் உச்ச வரியிலும் மட்டும் சேர்ந்து தாங்கிப் பிடிக்கட்டும். அவர் மைக் ஒலி ஒரு படி குறைவாகவே இருக்க வேண்டும். மூத்தவரை விட இவர் குரல் முன்னால் வந்துவிட்டால் அது அவரை அவமானப்படுத்துவதாகும். இதைச் சவுண்டுக்காரரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்.

ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். மாநில அரசு தனியாகத் தளர்வு அறிவித்த நாளில் மட்டும் நள்ளிரவு வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி மருத்துவமனைகளின் பக்கத்துத் தெருக்காரர்கள் மேடை இடத்தை முதலிலேயே அளந்து பார்த்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். 6:30-க்கு ஆர்கெஸ்ட்ரா தொடங்கட்டும். 7:30-க்கு மூத்தவர் நான்கு பாட்டு, நாற்பது நிமிட ஓய்வு, மறுபடி நான்கு. 9 மணிக்குள் அவர் பங்கு முடிந்துவிட வேண்டும். கடைசி முக்கால் மணி குத்துப்பாட்டு, அதை இளசுகள் பார்த்துக்கொள்வார்கள். பெரிய பெயர் என்று அவரைக் கடைசிக்கு வைப்பது பழக்கதோஷம். கமிட்டித் தலைவர் பேச்சு, பொன்னாடை எல்லாம் இழுத்து, அவர் மேடையேறும்போது 9:40 ஆகியிருக்கும்.

சவுண்டுக்கு வருவோம். நம் தெருக்கள் குறுகல், இரண்டு பக்கமும் சுவர். எல்லா ஸ்பீக்கர் பாக்ஸையும் மேடையருகே அடுக்கினால் முன்வரிசைக்குக் காது அடைக்கும், பின்வரிசைக்கு வார்த்தை புரியாது. பாதியில் இரண்டு சின்ன பாக்ஸ் வையுங்கள். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி வைத்தால் மிக்சரில் அந்தப் பாக்ஸுக்குச் சுமார் 88 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்) கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். குரல் நடுக்கத்தை மறைக்கிறேன் என்று எக்கோவை ஏற்றுவார்கள், விடாதீர்கள். தேய்ந்த குரலில் உச்சரிப்புதான் சொத்து. மூத்தவருக்கு மேடையில் அவர் பக்கம் திருப்பிய தனி ஸ்பீக்கர் (மானிட்டர்) கொடுத்து, அதில் அவர் குரலும் கீபோர்டும் மட்டும் வரட்டும். கடற்கரை ஓரத் தெரு என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். ஈரக்காற்றில் டோலக் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், இடைவேளையில் மறுபடி சேர்க்க நேரம் விடுங்கள்.

கானாவுக்கு இந்தத் தடபுடல் வேண்டாம். டோலக், தபேலா, ஒரு கீபோர்டு, நான்கைந்து பேர், ஒன்றரை அடி உயர மேடை. கீபோர்டுகாரர் சுருதி கொடுக்கக் கூடாது. பாடகர் எடுத்த இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் முன்பே அம்மன் பெயர், தெருவின் பழைய அடையாளங்கள், அந்த வருஷம் தவறிய பெரியவர்களின் பெயர் எல்லாம் எழுதிக் கொடுங்கள். இறந்தவர் பெயருக்கு அவர் வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். சாதி, கட்சி, ஆள் பெயர் சொல்லிக் குத்துவது கூடாது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

நோட்டீஸில் பொய் வேண்டாம். நகல் குழு வருகிறது என்றால் அசல் பாடகர் படத்தைப் பெரிதாகப் போடாமல் “இன்னார் பாடல்கள்” என்றே அச்சிடுங்கள். பழைய ஆர்கெஸ்ட்ராக்களிலும் இதே வம்பு உண்டு: பெயர் பழசாக இருக்கும், வாசிக்க வருகிறவர்களில் அந்தக் காலத்து ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஒப்பந்தத் தாளில் யார் யார் வருவார்கள் என்று பெயர் வாரியாக எழுதி வாங்குங்கள். ஆள் வாசிப்பா டிராக்கா, பாட்டுப் பட்டியல், மேடையேறும் நேரம், வண்டி, சாப்பாடு, ஆள் மாறினால் எவ்வளவு குறைப்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத் தாளில் பாட்டு உரிமம் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். பாடியவர் என்பதாலேயே அந்தப் பாட்டை மேடையில் பாடும் உரிமை அவருக்கு வந்துவிடாது. 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போனது. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமைக்கான ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் வேண்டுமா என்று கேட்பது யார், கட்டணம் யாருடையது என்பதை எழுதிவிடுங்கள். பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ். மூத்தவருக்குரிய மீதியை இரண்டாவது சுற்றுக்கு மேடையேறும் முன்பே கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். கச்சேரி முடிந்த பிறகு பொருளாளரைத் தேடி அவர் நிற்கக் கூடாது.