போரில் சிக்கிய மக்களைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

காஸா, உக்ரேன், சூடான் என்று எந்தப் போரைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி மேசையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு கேள்வி வந்து விழுகிறது: "முன்கூட்டியே எச்சரித்தார்களே, பிறகும் ஏன் அங்கேயே இருந்தார்கள்?" கேட்பவர் நல்ல மனிதராகவே இருப்பார். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணம் ஆபத்தானது. எச்சரிக்கை விடுத்துவிட்டால், அங்கே தங்கியவர்களைக் கொல்லலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாய், பிரசவ நாள் நெருங்கிய பெண், அவர்களை விட்டுப் போக மனமில்லாத மகன் எல்லாரும் பொதுமக்களே. சண்டையில் நேரடியாக இறங்காதவரை அவர்களைக் குறிவைக்கக் கூடாது. எச்சரித்த பிறகும் தாக்குபவருக்குக் கடமை உண்டு. தாக்கப்போவது ராணுவ இலக்குதானா என்று அவர் உறுதிசெய்ய வேண்டும். கிடைக்கப்போகும் ராணுவப் பலனைவிடப் பொதுமக்களுக்கு நேரும் இழப்பு மிதமிஞ்சியதாக இருக்கும் என்று தெரிந்தால், தாக்குதலைக் கைவிட வேண்டும்.

இதற்கு அடுத்த வாதம், "எதிராளிதானே மக்களைக் கேடயமாக்கினான்" என்பது. இலங்கையின் வடக்கே வன்னியில் நடந்தது நமக்கு மறந்திருக்காது. 2009 ஜனவரியில் இலங்கை ராணுவம் ஒரு பகுதியைப் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. நம்பிப் போன மக்கள்மீது அங்கேயே எறிகணைகள் விழுந்தன. நோயாளிகள் நிறைந்திருந்த புதுக்குடியிருப்பு மருத்துவமனையும் தாக்குதலுக்குள்ளானது. ஐ.நா. தலைமைச் செயலாளர் நியமித்த வல்லுநர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, இரு தரப்பின்மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகக் கூறியது. அரசுப் படைகள் அந்த வலயங்களுக்குள் எறிகணை வீசின. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். ஒருவர் செய்த குற்றம் மற்றவருக்கு அனுமதிச் சீட்டாகாது. இவற்றில் ஒன்றை மட்டும் உரக்கச் சொல்லி மற்றதை விழுங்கிவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. நடுவில் சிக்கி மாண்டவர்களுக்கு அது செய்யும் அநீதி பெரிது.

படங்களைப் பகிர்வதிலும் நிதானம் வேண்டும். காயம்பட்ட குழந்தையின் முகம், கைதியின் முகம், மக்கள் பதுங்கியிருக்கும் கட்டடம் ஆகியவற்றை இரக்கத்தால்தான் அனுப்புகிறோம். ஆனால் மகன் இறந்த செய்தியை ஒரு தாய் கைப்பேசித் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள நேரிடலாம். பிடிபட்டவர்களைப் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வைக்கு ஆளாக்கக் கூடாது என்று 1949ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கைகளே சொல்கின்றன.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, போர்நிறுத்தம் வந்ததும் நம் கவனம் வேறு பக்கம் போய்விடுவது. 2023 செப்டம்பரில் சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா சாலை அருகே ஒரு கட்டுமானத் தளத்தில் 100 கிலோ எடையுள்ள வெடிகுண்டு அகப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டு அது. அதை அங்கேயே வெடிக்கவைத்துச் செயலிழக்கச் செய்வதற்காக, சுற்றுவட்டாரத்தில் குடியிருந்த 4,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். 1945இல் முடிந்த போரின் குண்டு, இவ்வளவு ஒழுங்கான நகரத்திலேயே இத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தது. அப்படியென்றால் வன்னி வயல்களிலும் உக்ரேனின் கோதுமை நிலங்களிலும் கண்ணிவெடிகளுக்கு நடுவே உழுபவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

காணாமல் போனவர்களின் குடும்பங்களிடம் "இறந்ததாக எண்ணிக் காரியம் செய்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அன்புக்குரியவருக்கு என்ன ஆயிற்று என்று அறிவது அவர்களின் உரிமை. பீச் ரோட்டில் நான்கு தூண்களோடு நிற்கும் போர் நினைவுச்சின்னத்தை எண்ணிப் பாருங்கள். ஜப்பானியர் 1942இல் கொன்று புதைத்தவர்களின் எச்சங்கள் சிக்லாப்பில் வெளிப்பட்டது 1962இல்தான். அவர்களுக்கான அந்த நினைவுச்சின்னம் எழுந்தது 1967இல். அதுவரை குடும்பங்கள் காத்துக் கிடந்தன. இலங்கையின் கிளிநொச்சியில், காணாமல் போன பிள்ளைகளுக்காக 2017இல் தெருவோரம் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரும் கேட்பது அதே பதிலைத்தான். பதில் வராதவரை துக்கத்தோடு காகிதப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் நிலத்தையும் வங்கிக் கணக்கையும் தன் பெயருக்கு மாற்ற மனைவி படும் பாடு கொஞ்சமல்ல.

உதவ நினைப்பவர்கள் உடனே பணம் அனுப்புவதற்கான பேநவ் எண்ணைப் போட்டு வசூல் தொடங்கிவிடாதீர்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையாளரின் அனுமதி வேண்டும். பழைய துணி மூட்டைகளும் வேண்டாம். அனுமதி பெற்ற அமைப்புகளிடம் பணமாகவே கொடுங்கள்.

உங்கள் உறவினரே போரில் தொடர்பற்றுப் போயிருந்தால், சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கத்தை நாடுங்கள். பிரிந்த குடும்பங்களைத் தேடி இணைக்கும் சேவை அங்கே உண்டு. அவருடைய முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, கடைசியாக இருந்த இடம், கடைசியாகப் பேசிய நாள் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.